பழைய மூடி, புதிய ராக்கர்

அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினில் ராக்கரின் நுனி வால்வுத் தண்டின் தலையில் சறுக்கியே அழுத்தும், இரண்டும் தேயும். உருளை பொருத்திய ராக்கரில் இத்தேய்மானம் குறைகிறது. ஆனால் அது சற்று உயரமாயிருந்தால் பழைய டேப்பெட் கவர் முட்டும். உயரமான அலுமினிய மூடியைப் பூட்டிவிடுவது எளிய வழி. நாச்சாரத்தில் நான் கண்ட பட்டறையிலோ, பழைய தகர மூடிக்கு அடியில் ஒரு சட்டத்தை வைத்து, மேலும் கீழும் கேஸ்கெட் இட்டு, நீண்ட ஸ்டட்டுகளால் இறுக்கியிருந்தனர். பானெட்டைத் திறந்தால், 2014இல் உற்பத்தி நின்ற அவ்வண்டி பழையபடியே தோன்றும்.

இது ஏமாற்றா? மொழியியல் பயின்றவர் சட்டென்று ஆம் எனல் அரிது. எள்ளின் நெய்யே எண்ணெய். தெலுங்கின் நூனெயும் எள்ளிலிருந்து வந்ததே. இன்று எஞ்சினில் ஊற்றுவதையும் எண்ணெய் என்கிறோம்; உள்ளே எள் எங்கே என்று எவரும் வழக்காடுவதில்லை.

ஆயினும் சொல்லை எவரும் விலைக்கு விற்பதில்லை, வண்டி கைமாறும். கேம் தண்டையும் மாற்றியிருந்தால், பழைய கையேடு கூறும் வால்வு இடைவெளி அதற்குப் பொருந்தாமற் போகலாம். மூடியை நம்பி வாங்குபவர் அதை எவ்வாறு அறிவார்? ஆகவே மூடியை நான் குறைகூறேன். விற்கும் நாளின் மௌனத்தையே குறைகூறுவேன். அவ்வுரிமையாளர் எந்தப் பாகம், எந்தத் தேதி, இடைவெளி எவ்வளவு என எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறார்.