மீ சன் மலைச்சாரலில் ஒரு நாள்

சென்ற ஆண்டு மாசித் திங்களில் யாம் 22 பேர் ஒரு குழுவாகக் கூடி வியட்நாம் நாட்டிற்குச் சென்றிருந்தோம். எம்முள் வணிகரும், ஆசிரியரும், தொழிலினின்று ஓய்வு பெற்றோரும் உளர். சிவதீக்கை பெற்றார் இருவரே. கடற்கரையும் கடைவீதியும் கண்ட நாட்களைப்பற்றி ஈண்டு எழுதுதல் வேண்டா. மீ சன் என்னும் இடத்திற் கழிந்த ஒரு பகலைப்பற்றி மட்டும் அன்பர்களுக்குச் சில கூற விழைகின்றேன்.

தா நாங் நகரினின்று விடியற்காலையிற் புறப்பட்டு, நெல்வயல்களினூடே சென்று, மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கை அடைந்தோம். மீ சன் என்பதற்கு அந்நாட்டு மொழியில் அழகிய மலை என்பது பொருள். சம்பா நாட்டு வேந்தனாகிய பத்திரவர்மன் 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே சிவலிங்கம் நிறுவிப் பத்திரேசுரர் எனத் தன் பெயரால் வழங்கினான். அவன் எடுத்த கோயில் தீக்கிரையாக, 7ஆம் நூற்றாண்டிற் சம்புவர்மன் மீண்டும் எடுப்பித்துச் சம்புபத்திரேசுரர் எனத் திருநாமம் சாற்றினான். பின் 13ஆம் நூற்றாண்டு வரையிற் கோயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இவை தமிழ் வேந்தர் எடுத்தன என்று எங்குழுவில் ஒருவர் பெருமிதத்தோடு கூறினர். அதற்குச் சான்று யாதும் இல்லை. எடுத்தோர் சாம் மக்கள். அவர்தம் கல்வெட்டுக்கள் வடமொழியிலும் சாம் மொழியிலும் உள்ளன. பிறர் செய்த சிவத்தொண்டை நமதென்று கவர்ந்துகொள்ளாமலே நாம் மகிழலாம் அன்றோ?

கோயில்களுக்குத் திருப்பெயர் வழங்காது அ, ஆ, இ எனக் குறிப்பதுபோல் எழுத்தும் எண்ணும் இட்டிருத்தல் முதற்கண் மனத்தை உறுத்திற்று. பிரெஞ்சு அறிஞர் பார்மாந்தியே இட்ட குறிகள் அவை. செங்கற்களுக்கு இடையே சாந்து கட்புலனாகவில்லை. சுவரை எழுப்பிய பின்னரே அதன்மேற் சிற்பங்களைச் செதுக்கியுள்ளனர். எம்முடன் வந்த ஓவிய ஆசிரியர் ஒருவர், ஒரு தூணின் பூங்கொடி வேலைப்பாட்டினெதிரே அரைமணி நேரம் அசையாது நின்றார். அருகில் 1969இல் அமெரிக்க விமானங்கள் இட்ட குண்டுகளால் விளைந்த குழிகள் புல் மூடிக் கிடந்தன. சாம் கலையின் முடிமணி எனத்தக்க பெருங்கோபுரம் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேதான் தகர்ந்தது.

ஓரிடத்தில் மேற்கூரை முழுதும் அழிந்து, அடித்தளத்தின்மேற் சிவலிங்கம் வெயிலில் வெளிப்பட நின்றது. தீக்கை பெற்ற முதியவர் பாதரட்சையைக் கழற்றி, திருநீறு தரித்து, கைகூப்பி நின்றார். ஓவிய ஆசிரியரோ மெல்ல, "ஐயா, பூசை நின்று பல நூற்றாண்டு ஆயின, இது இப்போது கலைப்பொருளே" என்றார். முதியவர், "பூசை நின்றது நம் குறை, அவன் நீங்கினான் என்று யார் கண்டார்?" என்று வினவினர். வண்டியில் ஏறிய பின்னும் வாதம் தொடர்ந்தது. ஆகம விதிப்படி ஆவாகனம் இல்லாதவிடத்து வழிபாடு எங்ஙனம் என்று வேறொருவர் கேட்டனர். முதியவர் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தை எடுத்துக்காட்டி, பாலில் நெய்போல் எங்கும் மறைந்து நிற்கும் முதல்வன், தயிரில் நெய்போல் விளங்குதற்கு இடம் திருக்கோயில் என்றும், கடைவார் இல்லாமையால் தயிரில் நெய் இல்லையாகாது என்றும் விடுத்தனர்.

யான் முதியவர் பக்கமே நின்றேன். ஆயினும் ஓவிய ஆசிரியர் கூறிய ஒன்றை மறுக்க எனக்கு இயலவில்லை. போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் குவியாட்கோவ்ஸ்கி என்பார் 1980களில் இங்கு வந்து, காடு மண்டிய இடிபாடுகளிடையே வருந்தி உழைத்து, 1997இல் ஹுவே நகரில் உயிர் நீத்தனர். அவர் இவற்றைக் கலை என்றே கண்டார். அங்ஙனம் காணும் கண் ஒன்று இல்லாதிருந்தால் முதியவர் கைகூப்புதற்கு அங்கே என்ன எஞ்சியிருக்கும்? அவர் செய்தது உழவாரப்பணி அன்று என்று சொல்ல என் நா எழவில்லை. பின்னர் இந்தியத் தொல்லியல் துறையினரும் அங்குப் பணி மேற்கொண்டனர். 2020இல் 9ஆம் நூற்றாண்டினதாகிய ஒரே கல்லாலான சிவலிங்கம் ஒன்று அவர் அகழ்விலே வெளிப்பட்டது.

பிற்பகல் தா நாங் நகரத்துச் சாம் சிற்பக் காட்சிச்சாலையை அடைந்தோம். பிரெஞ்சுக்காரர் 1919இல் திறந்தது அது. நின்ற கோலத்து விநாயகரும் ஆடல்வல்ல பெருமானும் அங்குளர். ஆயினும் என்னை ஈர்த்தது மீ சன்னினின்று கொணர்ந்த 7ஆம் நூற்றாண்டு மணற்கற் பீடம் ஒன்றே. அதன் பக்கங்களில் முனிவர் வாழ்க்கை செதுக்கப்பட்டுள்ளது: ஒருவர் குழலூதுகின்றார், ஒருவர் பிறரது மெய்யைப் பிடித்து நோய் தீர்க்கின்றார், ஒருவர் தவத்தில் அமர்ந்துள்ளார். படியின் முகப்பில் மூவர் ஆடைநுனியை ஏந்தி ஆடுகின்றனர். இத்தனையும் தாங்கிய இலிங்கத் திருமேனி பீடத்தின்மேல் இல்லை. அவ்வெறுமையைச் சுற்றி ஓவிய ஆசிரியர் ஒருமுறை, நிழற்படம் எடுத்தவாறே வலம் வந்தார். தாம் வலம் வந்தது அவருக்குத் தெரியாது. முதியவர் அதனைக் கண்டு முறுவலித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

புறப்படுங்கால், எம் வழிகாட்டியாகிய வியட்நாமியப் பெண்மணி முதியவரை அணுகி, தெற்கே பன் ராங் நகரருகில் போ க்லோங் கராய் என்னுங் கோயிலில் முகலிங்கத்திற்குச் சாம் குருமார் இன்றும் நீராட்டி ஆடை சாத்தி வழிபடுகின்றனர் என்றும், காதே என்னும் அவர்தம் பெருவிழா புரட்டாசி ஐப்பசியளவில் வரும் என்றும் கூறினர். மறுநாட் பயணமோ வடக்கே ஹுவே நகருக்கு. முதியவர் தம் குறிப்பேட்டைத் திறந்து, அவ்வூருக்குப் புகைவண்டி உண்டோ என்று கேட்டார். உண்டு, கோயிலின் அருகேயே நிலையம், அதன் பெயரே சாம் கோபுரம் என்று பொருள்படும் என்றனர் அவர். ஓவிய ஆசிரியர் அப்பெயரைத் தமக்கும் எழுதித் தருமாறு கேட்டுக்கொண்டார்.