கடிதத்தில் தேடிய நேரம்



தீர்க்கரேகைக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். நமக்கு 82½ டிகிரி. பெருக்கினால் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி. கரும்பலகையில் எத்தனை முறை போட்டிருப்பேன்! புறப்பட்ட ஊரில் இப்போது மணி என்ன என்று தெரிந்தால்தான், கடலில் நிற்கும் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று சொல்ல முடியும். 400 வருடத்துக்கு முன் அப்படிக் காட்டும் கடிகாரம் இல்லை.

கலிலியோ 1610-இல் வியாழனின் நிலாக்களைக் கண்டார். அவை வியாழனின் நிழலில் மறையும் நேரம் எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். அதையே வானத்துக் கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஸ்பெயினுக்கு எழுதினார், பலனில்லை. 1636-இல் வீட்டுக்காவலில் இருந்துகொண்டே, பாரிஸ் நண்பர் தியோதாத்தி மூலம் ஹாலந்து அரசுக்கு எழுதினார். அப்போது வயது 72. அவர்கள் பரிசாகத் தங்கச் சங்கிலி அனுப்பினார்கள், வாங்க மறுத்துவிட்டார். அதற்குள் இரண்டு கண்ணும் போய்விட்டது. ஆடும் கப்பலில் தொலைநோக்கியை நிலையாகப் பிடிப்பதும் நடக்கிற காரியமாக இல்லை.

கண்புரை ஆபரேஷன் முடிந்து சில நாள் கட்டோடு இருந்தபோது எனக்கு இவர் நினைப்புதான். பார்வை போன பிறகும், 1641-இல், ஊசல் கடிகார யோசனையை மகன் வின்சென்சியோவிடம் சொல்லியிருக்கிறார். மறு வருடம் இறந்தார். மகனும் அதைச் செய்து முடிக்காமலே போய்விட்டார்.

ஹாலந்தில் அந்தக் கடிதப் போக்குவரத்தில் பங்கெடுத்தவர் கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ். அவருடைய மகன் கிறிஸ்டியான் 1656-இல் ஊசல் கடிகாரம் செய்தார். இத்தாலியில் முணுமுணுப்பு எழுந்தது: இது எங்கள் கலிலியோவுடையது அல்லவா? இளவரசர் லியோபோல்டோ கலிலியோவின் வரைபடத்தைப் பாரிஸில் இருந்த வானியலாளர் பூலியோவுக்கு அனுப்ப, அவர் அதை ஹைகன்ஸுக்கு அனுப்பினார். பார்த்தால் இரண்டிலும் ஊசல் உண்டு. ஆனால் பல்சக்கரத்தை நிறுத்தி நிறுத்தி விடும் அமைப்பு வேறு வேறு.

இரண்டு பேர் விடைத்தாளில் ஒரே விடை இருந்தால் உடனே காப்பி என்று நான் சுழித்ததில்லை. செய்த வழியைப் பார்ப்பேன். வழி வேறாக இருந்தால் இருவருக்கும் முழு மார்க். அந்த முடிவு சிலருடைய படிப்பையே காப்பாற்றியிருக்கிறது, அவர்களுக்குத் தெரியும். இங்கேயும் என் தீர்ப்பு அதுதான்.

ஊசலும் கடலில் சரிப்படவில்லை. நூறு வருடம் கழித்து, தச்சு வேலை தெரிந்த ஜான் ஹாரிசன் 1759-இல் செய்து முடித்த கடிகாரம்தான் கப்பலுக்கு உதவியது.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விடைத்தாள் திருத்தும்போது வழியையும் பாருங்கள். அவசரத்தில் போடும் ஒரு சுழி ஒரு பிள்ளையின் மனதில் வெகுகாலம் நிற்கும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.