நெடுந்தீவின் கல்வேலியும் கடகமும்

நெடுந்தீவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பார்க்கிற இடங்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்க மரம், பழைய குதிரை லாயங்கள், சாராப்பிட்டிக் கிணறுகள், வெட்டைவெளியில் மேயும் கட்டைக் குதிரைகள். காலைப் படகில் வந்து, ஓட்டோ பிடித்து, எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பின்னேரப் படகில் திரும்பிவிடுவார்கள். அந்த இடங்களுக்குப் போகும் வழி நெடுகிலும் இரண்டு பக்கமும் கல்வேலி கூடவே வரும். அதன் முன்னால் நின்று படம் எடுப்பவர்கள் பலர். அதை யார் கட்டுகிறார்கள், சரிந்தால் யார் தூக்கி வைக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியோடுதான் இம்முறை தீவுக்குப் போனேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணை, புங்குடுதீவு என்று தாம்போதிகளின் மேல் ஓடி பஸ் குறிகட்டுவானில் நிற்கும். அங்கே நீளமான வரிசை நயினாதீவுக்கு. நாகபூசணி அம்மனையும் நாகவிகாரையையும் கும்பிடப் போகிற சனம். நெடுந்தீவுப் படகில் அரிசி மூட்டையும் சைக்கிளும் சாமான் பெட்டியுமாக ஏறுகிறவர்களில் ஊர்ச்சனமே அதிகம். ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடல். மாவிலித்துறையில் குமுதினிப் படகு நினைவுத்தூபி நிற்கிறது. 1985 மே 15ஆம் திகதி அந்தப் படகில் பயணம் செய்தவர்களில் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் போர் நீண்டது. குடும்பம் குடும்பமாகச் சனம் இடம்பெயர்ந்தது. தீவின் உள்ளே ஆளில்லாத வளவுகளைச் சுற்றிச் சரிந்து கிடக்கும் கல்வேலிகளைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். கைகள் போன இடத்தில்தான் வேலி முதலில் விழுந்திருக்கிறது.

ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்தத் தீவின் அடியெல்லாம் பழைய முருகைக்கல். மேலே கிடக்கும் மண் மெல்லியது. மண்வெட்டி போட்ட இடத்திலெல்லாம் கல் முட்டும். தோட்டம் செய்ய நினைக்கிறவன் முதலில் கல் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கல்லைக் காணியின் எல்லையில் அடுக்கினால் நிலமும் துப்புரவாகும், எல்லையும் துலங்கும், ஆடு மாடு குதிரை பயிருக்குள் இறங்காமலும் இருக்கும். யாழ் குடாநாட்டின் கிடுகு வேலியும் பனைமட்டை வேலியும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கவேண்டியவை. கல்வேலிக்கு உப்புக்காற்றும் கறையானும் பொருட்டல்ல. சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை; கல்லைக் கல்லே பிடித்து நிற்கிறது.

அது எப்படி நிற்கிறது என்பதை மாரி மழையில் சரிந்த ஒரு துண்டைத் திருத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவரிடம் பார்த்தேன். அறுபது வயது தாண்டியவர். சரிந்த இடத்தை மட்டும் நிரப்பிவிட்டுப் போகவில்லை. இரண்டு பக்கமும் கை நீளத்துக்கு நல்ல வேலியையும் பிரித்தார். பழைய அடுக்குக்குள் புதிய அடுக்கு கோத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் பிளக்கும் என்றார். பிரித்த கல்லை மூன்று குவியலாக்கினார்: அடிக்குப் பெரியது, நடுவுக்கு இடைத்தரம், நிரப்புக்குச் சில்லுக்கல். அடிக்கல்லைச் சற்று மண்ணில் பதித்தார். நீளமான கல்லை வேலியின் போக்கில் படுக்க வைக்காமல், முகப்பு வெளியே தெரிய, உடல் வேலிக்குள் போகும்படி செருகினார். கீழ் வரிசையில் இரண்டு கல் சேரும் இடுக்கின்மேல் அடுத்த வரிசையின் ஒரு கல் உட்கார வேண்டும். மேலே போகப்போக அகலம் குறைய வேண்டும்.

ஒவ்வொரு கல்லையும் வைத்தபின் உள்ளங்கையால் ஒரு தட்டு. ஆட்டம் இருந்தால் எடுத்துத் திருப்பி வைப்பார். நான்கு ஐந்து தரம் திருப்பினாலும் சலிக்கவில்லை.

“உடைச்சுப் பொருத்தினால் கெதியாய் முடியாதோ ஐயா?” என்று கேட்டேன்.

“உடைச்ச பக்கம் மழுங்கிப் போம் தம்பி. இந்தச் சொரசொரப்புத்தான் பிடிக்கிறது. திருப்பித் திருப்பிப் பாக்கோணும், அதுக்கெண்டு ஒரு இடம் கிடக்கும்” என்றார்.

கையில் எடுத்துப் பார்த்தால் அது விளங்கும். முருகைக்கல்லின் மேல் முழுவதும் நுண்ணிய துளைகளும், நட்சத்திரம் பொறித்ததுபோன்ற வரிகளும். ஒரு காலத்தில் கடலுக்குள் உயிர்கள் குடியிருந்த கூடுகள் அவை. அந்தக் கரடுதான் ஒரு கல்லை மற்றதோடு கோத்துப் பிடிக்கிறது. கட்டுகிறவரின் தோலைக் கிழிப்பதும் அதுதான். ஐயாவின் விரல்களில் பழைய சீலைத்துண்டு சுற்றியிருந்தது. இடுக்குகளுக்குள்ளால் காற்றும் மழைநீரும் போய்வருவதால் வேலிமீது அழுத்தம் ஏறுவதில்லை. சீமெந்து பூசி ‘அழகாக்க’ நினைப்பவர்கள் இதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கல்லும் நிலத்தில் பொறுக்கியதாகவே இருக்க வேண்டும். கடலுக்குள் முருகை உடைப்பதைச் சட்டம் தடுத்திருக்கிறது, ஊர்ச்சனமும் விரும்பவில்லை.

நிரப்புக்கான சில்லுக்கல்லை ஐயாவின் மனைவி கடகத்தில் அள்ளி வந்து கொட்டினார். எத்தனையோ முறை கல் சுமந்து கறுத்துப்போன கடகம். விளிம்பு மட்டும் இன்னும் இறுக்கமாக இருந்தது. யார் இழைத்தது என்று கேட்டேன். கடப்பைத் தாண்டி அடுத்த வளவைக் காட்டினார்கள்.

அங்கே ஆச்சி ஒருவர் திண்ணையில் கால் நீட்டி இருந்து பன்னவேலை செய்துகொண்டிருந்தார். வடலிக் குருத்தோலையை வெட்டி, விரித்து, வெயிலில் காயவிட்டு, சுருட்டி வைத்திருக்கிறார். வேலைக்கு எடுக்கும்போது தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துகிறார். ஈர்க்கைக் களைந்து, சத்தகத்தால் ஓலையை வார்கிறார். அளவுகோல் கிடையாது. சத்தகத்தின் நுனியை ஓலையில் குத்தி இழுத்தால் ஒரே அகலத்தில் கீற்றுக்கீற்றாக வந்து விழுகிறது. வெயில் ஏறிக் காற்றுக் காய்ந்தால் ஓலை முறியும் என்பதால் அவர் பெரும்பாலும் விடியப்புறத்திலேயே இழைக்கிறார்.

கடகத்தின் வேலை இரண்டு கட்டம். முதலில் ஓலையால் இழைத்து உருவம் கொடுப்பது. அதன்பின் பனைமட்டையிலிருந்து உரித்த நாரால் பொத்துவது. பெட்டி இழைக்கத் தெரிந்த பெண்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். நார் பொத்தத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். நாரை உரிப்பதற்கே கைவலு வேண்டும். மடக்கும் மூலையில் ஆச்சி நாரைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினார். கல் சுமக்கும் பலம் அந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது. நார் பொத்தாத கடகத்தில் கல் அள்ளினால் அடி கழன்றுவிடும்.

அவர் கையால் வருவன இன்னும் பல: புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, இடியப்பத் தட்டு, சுளகு, பாய், மூடுபெட்டி, கொட்டப்பெட்டி, பனங்கட்டி வார்க்கும் குட்டான். 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை வடக்கில் இந்தத் தொழிலுக்குப் பயிற்சியும் விற்பனை நிலையங்களும் ஏற்படுத்தியது. ஆனாலும் தீவில் ஓலைப்பெட்டியின் இடத்தைப் பிளாஸ்டிக் வாளி பிடித்துவிட்டது. நகரத்தில் விற்பதற்குச் சாயம் போட்ட சின்னப் பைகளும் பூக்கூடைகளும் கேட்கிறார்கள். அவற்றையும் ஆச்சி செய்கிறார், குறை சொல்லவில்லை. “கடகத்துக்கு ஆக்கினை கூட, காசு குறைய. பிள்ளையள் ஏன் பழகப் போகுதுகள்?” என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் பகுதி நினைவுக்கு வருகிறது. அங்கே ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தார் குதிரை வண்டி ஓட்டி, பொது மின்கம்பியைத் தவிர்த்து, ஊர் கூடித் தானியக் கொட்டில் எழுப்பி வாழ்கிறார்கள். அதைப் பார்க்க ஏராளமான பயணிகள் போகிறார்கள். ஆமிஷ் பெண்கள் துணித்துண்டுகள் பொருத்தித் தைக்கும் போர்வைக்கு நல்ல விலை உண்டு. அவர்களுடைய தச்சர்கள் செய்யும் மரத் தளபாடத்துக்கும் உண்டு. படத்துக்கு நிற்பதை அவர்களில் பலர் விரும்புவதில்லை. அதை மதிக்கும்படி வருகிறவர்களுக்குச் சொல்லி வைக்கிறார்கள்.

ஆனால் நெடுந்தீவை அப்படியே அதற்குப் பக்கத்தில் வைக்க முடியாது. ஆமிஷ் மக்கள் எதை ஏற்பது, எதை விலக்குவது என்று தங்களுக்குள் கூடித் தீர்மானித்து அப்படி வாழ்கிறார்கள். நெடுந்தீவுச் சனத்தின் எளிமையில் பாதி கடலும் போரும் புறக்கணிப்பும் விதித்தது. நல்ல தண்ணீரும் ஒழுங்கான படகும் வைத்தியரும் வேண்டுமென்று அவர்கள் நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். ‘பழமை மாறாத தீவு’ என்று புகழ்ந்துவிட்டு அந்தக் கோரிக்கைகளைக் கடந்துபோவது நீதியல்ல. லங்காஸ்டரிடம் எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்றுதான்: பார்க்க வருகிறவரின் காசு வேலை செய்கிறவரின் கையில் சேர வேண்டும்.

உலகமும் கல்வேலி கட்டும் வேலையின் பெறுமதியை உணர்ந்திருக்கிறது. சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையை 2018இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கிரேக்கம், இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து கேட்டுப் பெற்றது அது. அந்தப் பட்டியல் சுவரை விட்டுவிட்டு, சுவர் கட்டும் அறிவைக் குறிக்கிறது என்பது கவனிக்க வேண்டியது. நெடுந்தீவில் 2015இல் குதிரைகள் மேயும் பகுதி தேசியப் பூங்காவானது; கோட்டை தொல்லியல் சின்னம். இரண்டும் தேவையானவை. ஆனால் அந்தக் கோட்டையும் இந்த வேலியும் ஒரே முருகைக்கல். கோட்டை கட்டியவர்கள் போய்விட்டார்கள். வேலி கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருப்பவர்களுக்குத்தான் ஏற்பாடு எதுவும் இல்லை.

செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. மாரி முடிந்து வேலி திருத்தும் நாட்களில் பிரதேச சபை கூலி கொடுத்து, கட்டத் தெரிந்த பெரியவர்களோடு இளைஞர்களையும் சேர்த்து வீதியோர வேலிகளைத் தூக்கி நிறுத்தலாம். தீவின் பள்ளிக்கூடங்களில் பன்னவேலையைக் கண்காட்சிக்கு மட்டும் வைக்காமல், நார் பொத்துவது வரை பழக்கலாம். மாவிலித்துறையில் இழைக்கிறவர்களே விலை சொல்லி விற்க ஒரு கொட்டில் போடலாம். போகிறவர்களுக்கும் கடமை உண்டு. வேலியில் ஏறி நிற்காதீர்கள். நினைவுக்கென்று கல் எடுக்காதீர்கள். வளவுக்குள் போகமுன் படலையில் நின்று கேளுங்கள். ஒரு கடகம் வாங்குங்கள், பேரம் பேசாமல். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். காலை வந்து மாலை திரும்புகிறவருக்கு விடியப்புறத்து ஓலைவேலை கண்ணில் படாது.

கல்லைத் திருப்பி வைக்கத் தெரிந்த அந்த ஐயாவுக்குப் பக்கத்தில் கூலி பெற்றுப் பழகும் ஓர் இளைஞனும், கடகம் பொத்தத் தெரிந்த ஆச்சிக்கு உழைப்புக்கேற்ற விலையும் கிடைக்கட்டும். அதற்குமேல் நெடுந்தீவு தன் வேலியைத் தானே பார்த்துக்கொள்ளும்.