மல்லாக்கப் படு

எங்க அம்மாச்சி எங்க தெருவுக்கு மருத்துவச்சி. இடுப்புவலி கண்ட பொம்பளையப் படுக்க விடமாட்டா. விட்டத்துல கயிறு கட்டி, அதப் புடிச்சுக்கிட்டுக் குத்தவைக்கச் சொல்லுவா. நடக்கச் சொல்லுவா. "ஒடம்பு எப்படிக் கேக்குதோ அப்படி இருடி" என்பாள். ஊர்த்தெருவிலும் அவள்தான் பிள்ளை எடுத்தாள். கொல்லைவழியாகப் போய்க் கொல்லைவழியாகவே வருவாள். பிள்ளையைத் தொடலாம், தண்ணிப்பானையைத் தொடக்கூடாது.

1988ல் எனக்குத் தலைப்பிரசவம். அரசு ஆஸ்பத்திரி. மேசையில் மல்லாக்கப் போட்டு ரெண்டு காலையும் தூக்கி மாட்டினார்கள். இடுப்பு ஒடிகிற வலி. ஒருக்களித்துப் படுக்கட்டுமா என்று கேட்டேன். தொடையில் அடி விழுந்தது. "காலனிக்காரிக்குச் சொகுசு கேக்குதோ?" பிள்ளை வந்ததும் வலி போச்சு. அந்தப் பேச்சு போகல.

2019ல் என் மகளுக்குத் தனியார் ஆஸ்பத்திரி. எபிடூரல் போட்டார்கள். மயக்க டாக்டர் அவளைக் கட்டிலோரம் உட்காரவைத்து முதுகை வளைக்கச் சொன்னார். வளைத்தால்தான் முதுகெலும்பு இடுக்கு விரிந்து ஊசி இறங்குமாம். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு ஒட்டினார்கள். அரைமணியில் இடப்பக்கம் வலி அடங்கிற்று, வலப்பக்கம் அடங்கவில்லை. கேட்டா இவளையும் அடிப்பாங்களோன்னு எனக்கு உள்ளுக்குள்ள நடுக்கம். அவள் கேட்டாள். டாக்டர் குழாயைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். வலிக்கிற பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து, இன்னும் கொஞ்சம் மருந்து விட்டார். அடங்கிற்று.

"மல்லாக்க மட்டும் படுக்காதீங்கம்மா" என்றார். மல்லாந்தால் கர்ப்பப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாய்களை அமுக்கும். தாய்க்கு ரத்த அழுத்தம் இறங்கும்; பிள்ளைக்கு ரத்தம் குறையும். எபிடூரல் மருந்தும் அழுத்தத்தை இறக்கும். ரெண்டும் சேர்ந்தால் ஆபத்து.

அப்படியானால் என்னை ஏன் அப்படிப் போட்டார்கள்?

அம்மாச்சி சொன்னதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. 2017ல் பிரிட்டனில் ஒரு ஆய்வு வந்தது. எபிடூரல் போட்ட தலைப்பிரசவக்காரிகளில், கடைசிக் கட்டத்தில் ஒருக்களித்துப் படுத்தவர்களில் 41 சதம் பேருக்கு ஆயுதமோ அறுவையோ இல்லாமல் பிள்ளை பிறந்தது. நிமிர்ந்து இருந்தவர்களில் 35 சதம்தான். ஊசி போட்ட ஒடம்புக்குக் கணக்கு வேற. ஆனால் 2018ல் உலக சுகாதார நிறுவனம், எபிடூரல் போட்டாலும் போடாவிட்டாலும் எப்படி இருந்து பெறுவது என்பதை அந்தப் பெண்ணே தேர்ந்துகொள்ளட்டும் என்று எழுதியது. அதை அம்மாச்சி எழுதாமலே சொன்னாள்.

என் மகள் காசு கட்டினாள், பதில் கிடைத்தது. ஊசிக்குக் காசு வேணும், டாக்டர் வேணும். ஒருக்களிச்சுப் படுக்க என்ன வேணும்? எங்க தெருப் பிள்ளைகளிடம் இப்போது சொல்லி அனுப்புகிறேன்: வலிச்சா கேளுங்கடி. அதட்டினாலும் திரும்பக் கேளுங்க.