பூஜ்யம் பைட்

லினக்ஸ் கெர்னலுக்குள் நான் முதலில் கைவைத்தது, ஒரு கிடங்கில் லாரிகளை எடைபோடும் கருவியின் டிரைவரில். லினக்ஸில் பெரும்பாலான சாதனங்கள் ஃபைலாகத்தான் தெரியும். திறந்து படித்தால் எடை வரும். புது எடை வராதவரை, படிக்கும் நிரலைப் பழைய டிரைவர் காக்கவைத்தது. எதற்குக் காக்கவைக்க வேண்டும் என்று, எடை இல்லாவிட்டால் உடனே பூஜ்யம் பைட் கொடுக்கும்படி மாற்றினேன். மேலே இருந்த லைப்ரரிக்குப் பூஜ்யம் என்றால் ஃபைல் முடிந்தது என்று பொருள். யுனிக்ஸின் ஆதிகால வழக்கம் அது. லைப்ரரி ஃபைலை மூடிக்கொண்டது. மறுநாள் காலை, கிடங்கு வாசலில் லாரிகள் வரிசையாக நிற்பதாகப் போன் வந்தது.

அந்த லைப்ரரியை எழுதியவரை நான் பார்த்ததில்லை. பழைய டிரைவர் நடந்துகொண்ட விதத்தை நம்பி அவர் எழுதியிருந்தார். ஆவணத்தில் இல்லாத நடத்தைதான், ஆனாலும் அவருக்கு அது வாக்கு.

2019 செப்டம்பரில் லினக்ஸ் கெர்னலிலேயே இதைவிட நுட்பமான ஒன்று நடந்தது. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் வட்டை அடிக்கடி தட்டாமல் சேர்த்துப் படிக்கும்படி ஒரு திருத்தம் வந்திருந்தது. நல்ல திருத்தம், பிழையே இல்லை. ஆனால் வட்டிலிருந்து வரும் குறுக்கீடுகளின் நேர வேறுபாட்டையும் சேர்த்துத்தான் கெர்னல் தற்செயல் எண்களுக்கான கையிருப்பைத் திரட்டுகிறது. வட்டு அமைதியானதும் கையிருப்பு சேரத் தாமதமானது. கணினி எழும் நேரத்தில் 'கெட்ராண்டம்' வழியாக எண் கேட்ட நிரல் காத்து நின்றது. அது நின்றதால் கணினியில் வேறு அசைவே இல்லை. அசைவில்லாததால் கையிருப்பும் சேரவில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கெர்னலின் 5.3 பதிப்பை வெளியிடும் முன் அந்த நல்ல திருத்தத்தையே திரும்பப் பெற்றார். கோப்பு முறைக்காரர் மேல் தவறில்லை, எண் கேட்டவர் மேலும் தவறில்லை. நேற்றுவரை எழுந்த கணினி இன்று எழவில்லை என்பது மட்டுமே அங்கே கணக்கு. அடுத்து 5.4 பதிப்பில், கையிருப்பு போதாவிட்டால் செயலியின் நேர நடுக்கத்திலிருந்து கெர்னலே திரட்டிக்கொள்ள வழி செய்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. சுமையை மேலே தள்ளிவிடாமல் தாங்களே ஏற்றார்கள்.

2022இல், 5.18 பதிப்புக்காக, தற்செயல் எண் தரும் 'யுராண்டம்' ஃபைலையும் கையிருப்பு சேரும்வரை காத்திருக்க வைத்துப் பார்த்தார்கள். பாதுகாப்புக்கு அதுதான் சரி. ஆனால் சில செயலிக் கட்டமைப்புகளில் கணினி எழாமல் நின்றது. அதையும் திரும்பப் பெற்றார்கள்.

எடைக் கருவியின் டிரைவரில், போன் வந்த அன்று மாலையே பழைய காத்திருப்பைத் திரும்ப வைத்தேன். காத்திருக்க விரும்பாதவர்கள் ஃபைலைத் திறக்கும்போதே காக்கவைக்காதே என்ற கொடியைக் கொடுக்கலாம்; அவர்களுக்கு மட்டும் 'பிறகு வா' என்ற பிழைக்குறி போகும். பூஜ்யம் யாருக்கும் போகாது. லைப்ரரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மறுநாள் விடியுமுன் கிடங்குக்குப் போய், முதல் லாரி எடை போட்டு வெளியேறும்வரை திரையருகே நின்றிருந்தேன்.