கிழக்கு திறந்திருந்த காலம்

கோணப்பன அக்ரஹாரமும் தொட்டதோகூரும் ராகி விளைந்த ஊர்கள். 1970-களின் பிற்பகுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் அங்கே 332 ஏக்கரில் எலெக்ட்ரானிக் சிட்டியை உண்டாக்கியது. அந்த 332 ஏக்கருக்கு வெளியே வெகுகாலம் ஊர் தன் பாட்டுக்குத்தான் இருந்தது. 2010-இல் மேம்பாலம் திறப்பதற்கு முந்தைய வருஷங்களில் நான் தொட்டதோகூரில் குடியிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவுச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் ராகிக் கொல்லை. ராகிக்கு நடுவே சால் விட்டு அவரை, ஓரத்தில் உச்செள்ளு. மழை ஓய்கிற சமயத்தில் வரப்போரம் மட்டும் மஞ்சளாகப் பூத்து நிற்கும்.

வீட்டுக்காரரின் அம்மாவை நாங்கள் எல்லாரும் அஜ்ஜி என்றுதான் கூப்பிடுவோம். கன்னடம், தெலுங்கு, ஓசூர்த் தமிழ் மூன்றும் அவர் பேச்சில் தாராளமாகக் கலந்திருக்கும். சங்கரன்கோவில் பக்கம் சித்தப்பா காட்டில் சூரியகாந்தி போட்டிருந்தார்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு பிடி விதையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தேன். அஜ்ஜி பிரித்துப் பார்த்தார்.

"தொட்டியில எல்லாம் வேணாம்ப்பா. நேரா மண்ணுல ஊணு. ஆணிவேரு கீழ எறங்கணும் இல்ல?"

செடி ஆள் உயரம் வந்து பூத்தபோது அவர் தந்த அங்கீகாரம்: "நம்ம உச்செள்ளுக்கு அண்ணன் மாதிரி இருக்கான்." தாவரவியலும் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறது.

இளஞ்செடி பகல் முழுக்கச் சூரியன் பின்னாலேயே திரும்பும். ராத்திரியில் தண்டின் மேற்குப் பக்கம் கூடுதலாக வளர்ந்து, விடிவதற்குள் தலையைக் கிழக்கே கொண்டுவந்துவிடும். பூ விரிந்தபின் இந்தத் திருப்பமெல்லாம் நின்று, கிழக்கைப் பார்த்தபடியே முற்றும். அதனால் என் கொல்லைப்புறப் பூக்கள் எல்லாம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ராகிக் கொல்லையைப் பார்த்து நின்றன. முகம் பார்க்க வேண்டுமென்றால் சுவர் ஏறிக் குதித்து அந்தப் பக்கம் போகவேண்டும். காலையில் போனால் தைல மரத்தோப்பிலிருந்து மலைத்தேனீக்கள் வந்திருக்கும். (தோப்பு போனபின் அவை ஆபீஸ் கட்டடங்களின் உச்சி மாடியில் கூடு கட்டி, பெஸ்ட் கன்ட்ரோல்காரர்களிடம் மாட்டிக்கொண்டன.) விதை பால் பிடித்ததும் கிளிகள். எனக்கு மிஞ்சியது அடுத்த விதைப்புக்குத்தான் காணும்.

சூரியகாந்தி இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1969-இல் ரஷ்யாவிலிருந்து எண்ணெய் வித்தாக இந்தியாவுக்கு வந்த ரகங்களைத் தொடர்ந்து, நாட்டின் முதல் வீரிய ஒட்டு ரகமான பி.எஸ்.எச்-1, 1980-இல் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்துதான் வெளிவந்தது. 1997-இல் கோலார் பக்கம் பாகேபள்ளியில் ஒரு நோய் தலைகாட்டியது. இலை கருகும், மொட்டு கோணிக்கொள்ளும், பூ விரியாது. புகையிலைக் கீற்று வைரஸ் செய்கிற வேலை. பார்த்தீனியம் செடி நோய் காட்டாமலே அந்த வைரஸை வைத்திருக்கும். மகரந்தத்தோடு அது பறந்துவர, இலைப்பேன்கள் சூரியகாந்திக்குள் ஏற்றிவிடும்.

எங்கள் கொல்லைக்கும் அது வந்தது. பின்னாலிருந்த நிலம் கைமாறி, கல் நட்டு, 'சைட்' ஆகிவிட்டிருந்தது. உழவு நின்ற மண்ணில் முதலில் குடியேறியது பார்த்தீனியம்தான். பெங்களூர்க்காரர்கள் அதைக் காங்கிரஸ் செடி என்பார்கள். எந்தக் கட்சி ஆட்சியிலும் அது தழைத்தது. கோணிய மொட்டுகளை அஜ்ஜி கிள்ளிப் பார்த்துவிட்டு, "கொல்லைய விட்டாங்க, களை புடிச்சுது" என்று முடித்துக்கொண்டார். அடுத்த விதைப்பும் முளைத்தது. ஆனால் அதற்குள் சைட்டில் பி.ஜி. விடுதி எழும்பத் தொடங்கியிருந்தது. நான்கு மாடி. பத்து மணிக்குமேல்தான் எங்கள் பக்கம் வெயில். செடிகள் வெளிச்சம் தேடி ஒல்லியாக நீண்டு, தெற்கே இருந்த சந்தைப் பார்த்துச் சாய்ந்தன. நோய்க்கு மருந்து கேட்கலாம். விடுதிக்கு யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது நீலாத்ரி ரோட்டு அடுக்ககங்களில், கிழக்குப் பார்த்த பால்கனி வாய்த்தவர்கள் குட்டை ரகம் வைக்கிறார்கள். கொத்துப் பூவுக்காக உண்டாக்கிய, மகரந்தமே உதிராத ரகமும் பாக்கெட்டில் கிடைக்கிறது. தரையில் மஞ்சள் உதிராதாம், துடைக்க வேண்டாமாம். 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் பாதையும் வந்துவிட்டது. அதன் நிலையப் பலகை ஒன்றில் கோணப்பன அக்ரஹாரம் என்ற பெயர் இருக்கிறது.

உச்செள்ளுச் சட்னிப் பொடி சூப்பர் மார்க்கெட்டில் சின்ன பாக்கெட்டாக வருகிறது. வாங்கிப் பார்த்தேன். பூண்டு போதவில்லை.