கயிற்றில் ஒரு முடிச்சு

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 8 பிள்ளைகளிடம் கேட்டேன்: "உங்கட வீட்டுக் கிணற்றில இப்ப எத்தனை முழம் தண்ணி நிக்குது?" ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு மகன் மட்டும் எழும்பி, "சேர், தாங்கி நிரம்பினா மோட்டர் தானா நிக்கும்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கொழும்புத்துறையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக் கிணற்றின் கணக்கு எனக்கும் தெரியாது.

சோனகதெருவில் எங்கள் வீட்டுக் கிணற்றுக்குக் கப்பிதான். கயிற்றில் வாப்பா ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். வாளி தண்ணீரைத் தொடும்போது முடிச்சு கைக்குள் நின்றால் கவலையில்லை. கப்பியைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டால் அன்றிலிருந்து வீட்டில் சட்டம் மாறும். உம்மா ஒன்றும் சொல்லமாட்டா. துணி தோய்ப்பது கிழமைக்கு இரண்டு நாளாகும். குளிப்புக்கு வாளிக் கணக்கு. குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும். 1990 ஒக்டோபர் 30இல் நாங்கள் ஊரைவிட்டுப் போகும்போது எனக்குப் 12 வயது. புத்தளத்தில் முகாமில் கேனோடு வரிசையில் நின்ற காலம் வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். திரும்பி வந்து பார்த்தபோது கிணறு கல்லும் மண்ணுமாகத் தூர்ந்து கிடந்தது. அள்ளி, இறைத்து, மோட்டர் பூட்டினோம். முடிச்சை மறந்துபோனோம்.

எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைவு, அதனால் மிதக்கிறது, அவ்வளவுதான். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது விஞ்ஞானக் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து 40 அடி உப்பு ஏறிவரும். கடல் எங்கள் ஒழுங்கை முடிவிலேயே இருக்கிறது. வாளி மேல் தண்ணீரைத்தான் அள்ளும், கிணறு ஊறுவதற்கும் நேரம் விடும். மோட்டர் ஒரேயடியாக உறிஞ்சும்போது சவர் மேலே வருகிறது.

"இப்ப குழாய்த் தண்ணி வருகுதுதானே சேர்" என்கிறார்கள். வரட்டும், நல்லது. தாளையடியில் 2024 ஓகஸ்டில் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் தரக்கூடியது. ஆனால் கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்க மின்சாரம் வேண்டும். என் பயம் வேறு: குழாய் வந்த வீட்டில் கிணறு குப்பைக் குழியாகிவிடும்.

சென்னையில் 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. பலன் இருந்தது. பிறகு பல இடங்களில் பராமரிப்பு விடுபட்டது, 2019இல் குழாய்கள் வறண்டன. தென்னாபிரிக்காவின் கேப் டவுன் 2018இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று கட்டுப்படுத்தியது. அங்கே அணைக்கட்டில் எவ்வளவு மிச்சம் என்பதைக் கிழமைக்குக் கிழமை சனம் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டம் தேவைதான். ஆனால் கண்ணால் பார்க்காத ஒன்றை யார் மிச்சம் பிடிப்பார்?

நான் கேட்பது பெரிய காசு வேலை இல்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் நாலைந்து கிணறு. மாதம் ஒருதரம் பிள்ளைகள் அளந்து, சந்தியில் ஒரு பலகையில் எழுதட்டும். மாநகரசபை அந்தப் பலகையைத் தந்தால் போதும். அதோடு வீட்டுப் பீலியைக் கவனியுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் வருடத்துக்கு ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல் மழை விழுகிறது. முக்கால்வாசி வீடுகளில் அது வெள்ளவாய்க்காலால் நேரே கடலுக்குப் போகிறது.

என் குற்றத்தையும் சொல்கிறேன். வுழூ செய்யும்போது குழாயின் கீழே ஒரு பேசினை வைத்துப் பார்த்தேன். ஐந்து லீற்றர்! நபியவர்கள் (ஸல்) ஒரு முத்து தண்ணீரில் வுழூ செய்தார்கள், அது முக்கால் லீற்றர் அளவுதான். இதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆள் நான். இப்போது ஒரு சின்னக் கோப்பை வைத்திருக்கிறேன். ஒரு லீற்றரில் முடிகிறது.

நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கார ஆச்சியின் முன்னால் கிணற்றுக்குள் கயிறு விட்டேன். எட்டு முழத்தில் வாளி தொட்டது. ஆச்சி கயிற்றை வாங்கிக் கையால் அளந்து பார்த்தா. "தம்பி, துலா இருந்த காலத்தில ஆவணியிலயும் இவ்வளவு இறங்காது" என்றா. பிறகு தானே போய்ப் பூங்கன்றுகளுக்குத் திறந்துவிட்டிருந்த குழாயைப் பூட்டினா.

வாற ஞாயிறு அஸருக்குப் பிறகு எங்கள் ஒழுங்கைக் கிணறுகளை அளக்கப் போகிறோம். பிள்ளைகள் பத்துப் பேர் வருகிறார்கள். எந்த வீட்டார் என்றாலும் சொல்லுங்கள், வருகிறோம். ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே மோட்டரை நிற்பாட்டி வையுங்கள், இல்லாவிட்டால் அளவு பிழைக்கும்.